நவசிகரத்தில் யாரும் கொத்துவதில்லை

நவசிகரம் இன்டர்நேஷனல் பள்ளியில் கோழி வளர்ப்பது என்று முடிவானபோது, கோழிகளைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசித்தார்கள். முதலில் கூண்டு வந்தது. வரவேற்புக் கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே நகைக்கடையில் போடுகிற வெள்ளை விளக்குகள், தரைக்குப் பளிங்கு. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை அண்ணாச்சி, காலமான தம் மனைவியின் பெயரால் கொடுத்த நன்கொடை அது. ‘தங்கபுஷ்பம் நினைவு உயிரினப் பேருணர்வு மையம்’ என்று பித்தளைப் பலகை சொன்னது. கோழி என்ற சொல் பலகையில் இல்லை. அந்தச் சொல்லில் ஒரு மசாலா வாடை இருப்பதாக முதல்வர் சந்திரிகா கருதினார்.

கூண்டுக்குப் பிறகு பேச்சுகள் வந்தன. பேச்சுகளுக்குப் பிறகு புகைப்படக்காரர் வந்தார். அதற்கும் பிறகுதான் ஒரு டஜன் விடைக்கோழிகள் வந்தன. முட்டையிட இன்னும் சில மாதங்கள் இருக்கிற, கழுத்து நீண்டு கால் கோணிய பருவம். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கண்ணில் முதலில் படுவது இதுதான் என்பதால், விளக்கை எந்நேரமும் அணைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கிளறுவதற்கு மண் கேட்டதற்கு, மண் அழுக்கு என்று பதில் வந்தது.

இவற்றுக்கெல்லாம் பொறுப்பு ஞானதாஸ். உயிரியல் ஆசிரியர் என்பதால் வளாகத்தில் உயிரோடு இருக்கிற எதுவும் அவர் தலையில் விழும் என்பது அங்கே எழுதாத விதி. சாந்தோம் பக்கம் ஒரு சர்ச்சின் பங்குப் பள்ளியில் பல வருடம் இருந்துவிட்டு, மகள் ஜொவிட்டாவுக்கு இலவச இடம் கிடைக்கிறது என்பதற்காக அடையாறுக்கு வந்தவர். இலவச இடம் வாங்கிய ஆசிரியர்கள் நவசிகரத்தில் ‘முடியாது’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கோழிகளுக்கு ஆறுகளின் பெயரை வைத்தார்கள். கங்கை, காவேரி, வைகை, நர்மதா என்று போய், கடைசியில் ஒன்று மிஞ்சியது. மற்றவற்றைவிடச் சின்னது, ஒதுங்கியே நிற்பது. பின்வரிசையிலிருந்து யாரோ “கூவம்!” என்றார்கள். வகுப்பு சிரித்து ஓய ஒரு பீரியட் ஆனது. பெயரை மாற்றலாம் என்று ஞானதாஸ் சொன்னார். ஆறுகளுக்குள் பேதம் பார்ப்பது பள்ளியின் கொள்கைக்கு விரோதம் என்று முதல்வர் மறுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் கூவத்தின் வாலடியில் ஓர் இறகு குறைந்தது. நர்மதா என்ற பெருத்த கோழி அதைப் பிடுங்கி, சாவகாசமாக, நூடுல்ஸ் உறிஞ்சுவதுபோல் விழுங்கியதை ஞானதாஸ் பார்த்தார். மறுநாள் இன்னும் நாலு இறகு. பிறகு தோல் தெரிந்தது, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. புள்ளியைப் பார்த்ததும் மற்றக் கோழிகளும் வந்தன. ஒன்று கொத்தி நகர, அடுத்தது வந்தது. ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது. கூவம் தீனித்தொட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு, முதுகை அவற்றுக்கே விட்டுவிட்டு நின்றது. கண்ணாடியைக் காலையில்தான் துடைத்திருந்தார்கள். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

ஞானதாஸ் முதல்வர் அறைக்குப் போனார்.

“மேடம், கூவத்தை மத்த கோழிங்க கொத்துது.”

சந்திரிகா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “சார், அந்த வார்த்தை வேண்டாமே.”

“எது மேடம், கூவமா?”

“கொத்தறது. நம்ம கேட்ல என்ன போர்டு இருக்கு? ‘துன்புறுத்தல் அறவே இல்லாத வளாகம்.’ அது நம்ம பாலிசி. பாலிசில இல்லாத ஒண்ணு கேம்பஸ்ல எப்படி நடக்கும்?”

“நடக்குது மேடம். ரத்தம் வருது.”

“ரத்தம் வரலாம். நான் மறுக்கல. அதுக்கு வேற காரணம் இருக்கும்.” ஒரு கணம் யோசித்தார். “இனிமே இதை நாம ‘சக உறவுத் தொடுகை’ன்னு சொல்லுவோம்.”

அன்று சாயங்காலம் ஞானதாஸ் பஸ் பிடித்துச் சைதாப்பேட்டை போனார். அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் டாக்டர் வேம்பு என்கிற கால்நடை மருத்துவர் இருந்தார். ஒரு பூனையின் வாயைத் திறந்து பார்த்தபடியே அவர் கேட்டார்: “எம்மாம் பெரிய கூண்டு?”

ஞானதாஸ் கையால் காட்டினார்.

“அதுல ஒரு டஜனா? லைட்டு?”

“அணைக்கக் கூடாது.”

“மண்ணு, கீரை, ஏறி உக்கார கொம்பு?”

“பளிங்கு.”

டாக்டர் பூனையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அப்புறம் கொத்தாம இன்னா சார் பண்ணும், கேரம் ஆடுமா? இடம் குடு, லைட்டைக் கொற, கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவுடு. அடிபட்டதை மொதல்ல தனியா எடு. ரத்தம் பாத்துட்டா வுடாதுங்க, உள்ள இருக்கறத வெளிய எடுத்துடும். கொத்துறதுல பெரிய கை எதுவோ, அதையும் நாலு நாள் வேற எடத்துல போடு. திரும்பி வரும்போது அதோட கெத்து எறங்கியிருக்கும்.”

அவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று ஞானதாசுக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கு வந்து சொல்லும்வரை அந்த நிம்மதி நீடித்தது. சொன்னதும் முதல்வர் ஒரு குழு அமைத்தார். சக உறவு மேம்பாட்டுக் குழு. சந்திரிகா தலைவர், பள்ளியின் மனநல ஆலோசகர் சுஹாஸ் செயலர், நன்கொடையாளர் என்ற முறையில் வெள்ளைத்துரை அண்ணாச்சி, தண்ணீர் பாட்டில் வைக்கவும் விவரம் சொல்லவும் ஞானதாஸ்.

அண்ணாச்சி வந்ததும் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இதுக்கு எதுக்கு மீட்டிங்? அந்தச் சின்னதைத் தனியா ஒரு கூடையில போட்டுக் கவுத்துருங்க. ஊர்ல அப்படித்தான செய்வோம்.”

“அண்ணாச்சியோட மனசு பெரிய மனசு” என்றார் சந்திரிகா. “ஆனா அம்மாவோட பேர் இந்த ஒரு கூண்டுலதான் இருக்கு. தனியா வச்சா, அந்தக் கோழிக்கு மட்டும் அம்மாவோட நினைவு கிடைக்காமப் போயிடுமே. அம்மா அதைத் தாங்குவாங்களா?”

அண்ணாச்சி பலகையைப் பார்த்தார். தங்கபுஷ்பம் என்ற எழுத்துகளைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

“நர்மதாவைப் பிரிக்கறது தண்டனை” என்று சுஹாஸ் தொடர்ந்தார். “நாம யாரையும் தண்டிக்கறதில்ல. கூவத்தைப் பிரிக்கறது புறக்கணிப்பு. நாம யாரையும் புறக்கணிக்கறதில்ல.”

“அப்போ என்னதான் சார் பண்ணுவோம்?” என்று கேட்டார் ஞானதாஸ்.

“உரையாடுவோம்.”

உரையாடினார்கள். மறுநாள் வரவேற்புக் கூடத்தில் ஒரு மெத்தையைப் போட்டு, அதில் சம்மணமிட்டு, கண்ணாடிக்கு முன்னால் சுஹாஸ் உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பு முழுக்கச் சுற்றி உட்கார்ந்து கவனித்தது. முதலில் நர்மதாவின் தரப்பு. அது அலகைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் தீட்டியது. “பாருங்க, எவ்வளவு எனர்ஜி! இது கோபம் இல்ல, திசை கிடைக்காத தலைமைப் பண்பு” என்று அவர் விளக்கினார். பிறகு மெத்தையோடு நகர்ந்து கூவத்தின் மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கூவம், இத்தனை பேர் இருக்காங்க. ஏன் உன்னையே செலக்ட் பண்றாங்கன்னு யோசிச்சுப் பாத்தியா? உன் பக்கம் ஏதாவது மாத்திக்க முடியுமா? ஓரமா நிக்காம எல்லாரோடயும் கலந்து பழகலாம், இல்லையா?”

கூவம் தலையை இன்னும் உள்ளே செருகிக்கொண்டது. கண்ணைப் பார்த்துப் பேச மறுப்பது இந்தக் கோழியின் அடிப்படைப் பிரச்சினை என்று சுஹாஸ் பிள்ளைகளிடம் தெரிவித்தார்.

உரையாடலின் பயனாக நர்மதாவுக்குக் கூண்டுத் தலைவி பதவி கிடைத்தது. பொறுப்பைக் கொடுத்தால் பொறுப்பு வரும் என்பது நவசிகரத்தின் நம்பிக்கை. எட்டாம் வகுப்புத் தலைவனையும் அந்த முறையில்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூவத்துக்கு வீரத்துக்கான சிவப்பு ரிப்பன் அணிவிக்கப்பட்டது.

“சிவப்பு வேணாம் மேடம்” என்று கெஞ்சினார் ஞானதாஸ். “சிவப்பைப் பாத்தா இன்னும் கொத்… இன்னும் தொடுகை அதிகமாகும்.”

“வீரத்தோட நிறமே சிவப்புதானே சார்.”

பிற்பகலுக்குள் ரிப்பன் காணாமல் போனது. அது இருந்த இடத்துத் தோலும் போனது.

அன்று அவர் யாரையும் கேட்கவில்லை. பள்ளி விட்டதும் கூவத்தைத் தூக்கிப்போய் ஆய்வகத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். கோழி வெகு நேரம் நடுங்கிவிட்டு, பிறகு முதல் தடவையாக உட்கார்ந்து தூங்கியது. காலையில் அவருக்கு மெமோ வந்தது. ‘அனுமதியின்றி ஓர் உயிரைத் தனிமைப்படுத்திய செயலுக்கு’ விளக்கம் கேட்டிருந்தார்கள். மகளின் இலவச இடம் ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு உட்பட்டது என்பதை முதல்வர் நேரில், சிரித்த முகத்தோடு, நினைவூட்டினார். ஞானதாஸ் கோழியைக் கொண்டுபோய் மறுபடி கூண்டில் விட்டார். கதவைச் சாத்தும்போது உள்ளே பார்க்காமல் சாத்தினார்.

இந்த நேரத்தில்தான் ‘அன்பு வளாகம்’ விருதுக்குப் பள்ளி தேர்வான செய்தி வந்தது. தலைமை விருந்தினர் கோழிகளைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றும் செய்தி. கூவத்தின் முதுகு அப்போது கசாப்புக் கடைக்காரர் பாதி வேலையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனது மாதிரி இருந்தது. சந்திரிகா பின்னல் ஆசிரியையைக் கூப்பிட்டார். சென்னையின் ஏப்ரல் மாத வெயிலில், கூவத்துக்குப் பள்ளிச் சின்னம் பொறித்த நீலக் கம்பளி ஸ்வெட்டர் தயாராயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஸோ க்யூட்’ என்றார்கள். விருதுக் குழு எந்நேரமும் வரலாம் என்பதால் அதைக் கழற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. கூடத்தில் ஏசி உண்டு; ஈயும் உண்டு. இரண்டாம் நாளே அந்தப் பக்கம் ஒரு நெடி வர ஆரம்பித்தது. மல்லிகை வாசனை திரவம் தெளித்துச் சமாளித்தார்கள்.

விருது விழாவுக்கு முந்தைய சாயங்காலம் ஞானதாஸ் வீட்டில் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி ஃப்ளோரன்ஸ் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

“என்னடி இது?”

ஜொவிட்டாவின் காதுக்குப் பின்னால், ரூபாய் நாணயம் அளவுக்கு முடியே இல்லை. தோல் கன்றிச் சிவந்திருந்தது.

“ஒண்ணுமில்ல மம்மி.”

“ஒண்ணுமில்லாமயா வேரோட போயிருக்கு? யாரு பிடுங்குனது?”

பெண் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பெண்கள். ஓசி சீட்டு என்று கூப்பிடுவார்கள். ஒருத்தி ஒரு முடியைப் பிடுங்கினால் அடுத்தவளும் பிடுங்க வேண்டும். அது ஒரு விளையாட்டு. அதனால் அவள் டிபன் பாக்ஸைக் கழிவறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறாள்.

“கிளாஸ் மிஸ்கிட்ட சொல்லல?” என்று கேட்டார் ஞானதாஸ்.

“சொன்னேன் டாடி. சுஹாஸ் சார்கிட்ட அனுப்பினாங்க. இத்தனை பேர் இருக்காங்க, ஏன் உன்னையே செலக்ட் பண்றாங்கன்னு யோசிச்சுப் பாத்தியான்னு கேட்டாரு.” அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “நான் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன் டாடி. தெரியவே மாட்டேங்குது.”

“எங்ககிட்ட ஏன்டி சொல்லல?” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

“நீ நல்ல பொண்ணு, டாடியோட வேலைக்குக் கஷ்டம் குடுக்க மாட்டேல்லன்னு சார் சொன்னாரு.”

வாயிலிருந்த சப்பாத்தியை ஞானதாஸ் தட்டிலேயே துப்பினார். கோழியிடம் சுஹாஸ் இதே கேள்வியைக் கேட்ட அன்றைக்குத் தானும் அங்கே தண்ணீர் பாட்டிலோடு நின்றது ஞாபகம் வந்தது.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. தலைமை விருந்தினர் வெண்பட்டுச் சேலையில் வந்திருந்தார். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, அதன் மேல் சிறகு வடிவத்தில் வெள்ளிக் கேடயம். சந்திரிகா மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு கம்ப்ளைண்ட் கூட வந்ததில்ல. வந்த எதையும் நாங்க கம்ப்ளைண்ட்டா எடுத்துக்கிட்டதே இல்ல. எல்லாத்தையும் வாய்ப்பாதான் பார்த்தோம்!”

கைதட்டல். அடுத்து சுஹாஸ். “மத்த பள்ளிகள் தப்பு பண்ற பிள்ளைகளைத் திருத்தப் பார்க்கறாங்க. அது கஷ்டம். பெற்றோர் சண்டைக்கு வருவாங்க. நாங்க பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத்தான் திருத்தறோம். அவங்க ரொம்ப நல்லா ஒத்துழைக்கறாங்க.”

இன்னும் பெரிய கைதட்டல். தலைமை விருந்தினர் ஸ்வெட்டர் போட்ட கோழியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்பினார். ஞானதாஸ் கூவத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். கைக்கு அது பஞ்சுபோல் கனமில்லாமல் இருந்தது. கம்பளிக்குள் என்னவோ ஊர்வது விரலுக்குத் தெரிந்தது.

“சார் ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்று யாரோ பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

ஞானதாஸ் கோழியை வெள்ளை விரிப்பின் மேல் வைத்தார். ஸ்வெட்டரைப் பிடித்து மெல்ல உரித்தார். கம்பளி சதையோடு ஒட்டியிருந்தது; கொஞ்சம் சதையோடுதான் வந்தது. நெடி முதல் வரிசையை எட்டியபோது அங்கே இருந்தவர்கள் நாற்காலியோடு பின்னுக்குப் போனார்கள். முதுகிலிருந்து புழுக்கள் சோற்றுப்பருக்கைகள் மாதிரி விரிப்பில் உதிர்ந்து நெளிந்தன. ஒன்று கேடயத்தின் மேல் ஏறத் தொடங்கியது.

வெண்பட்டுக்காரர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது நிகழ்ச்சியில் ஒரு பகுதியா?” என்று கேட்டார்.

“ஆமாம்!” சந்திரிகா மைக்கைப் பறித்தார். “இதுதான் எங்க வெளிப்படைத்தன்மை! காயங்களை நாங்க மறைக்கறதில்ல!”

அரங்கம் ஒரு நொடி தயங்கியது. பிறகு தட்டியது. நன்றாகவே தட்டியது.

“எம் பொண்ணு தலையிலயும் இப்படி ஒரு இடம் இருக்கு” என்றார் ஞானதாஸ். மைக் அவரிடம் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு மட்டும் அது கேட்டது. அவர் எழுந்து நின்றார். அதற்குள் பள்ளிப் பாடல் முழங்கியதால் எல்லாருமே எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி எதற்கு எழுந்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

ஞானதாஸ் கோழியைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினார். ஏழாம் வகுப்பு வரிசைக்குப் போய், “ஜொவி, வா போலாம்” என்றார். அவள் பயந்து அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் காவலாளி இனாயத் மறித்தார். “சார், ஸ்கூல் பொருள் வெளிய போனா கேட் பாஸ் வோணும். கோழிக்குக் கீதா?”

ஞானதாஸ் துண்டை விலக்கிக் காட்டினார். இனாயத் முகத்தைச் சுளித்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “போ சார். நான் டீ குட்சிக்கினு இருந்தேன், ஒண்ணும் பாக்கல.”

டாக்டர் வேம்பு இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஜொவிட்டா கண்ணை மூடாமல் பக்கத்திலேயே நின்று கோழியின் காலைப் பிடித்துக்கொண்டாள். “பொழச்சுக்கும் பாப்பா. இறகு மொளைக்கும், கொஞ்ச நாள் ஆவும்” என்றார் அவர்.

“முடியும் மொளைக்குமா டாக்டர்?”

அவர் அவளைப் பார்த்தார், ஞானதாசைப் பார்த்தார். “அதுவும் மொளைக்கும்” என்றார்.

அடுத்த வாரம் ஞானதாஸ் மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்க நவசிகரத்துக்குப் போனார். பழைய பங்குப் பள்ளியில் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அவருக்குப் பழையபடி சின்னச் சம்பளம். ‘வெளியேறும் காரணம்’ என்ற இடத்தில் அலுவலகத்தார் ஏற்கெனவே ‘சூழலுக்குத் தகவமைந்துகொள்ள இயலாமை’ என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். அவர் அதை அடித்துவிட்டு ‘கொத்து’ என்று எழுதினார். எழுத்தர் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று அச்சடிக்கப் போனார். ஞானதாஸ் கூடத்தில் காத்திருந்தார்.

வெள்ளிக் கேடயத்தைக் கூண்டின் மேலேயே வைத்திருந்தார்கள். உள்ளே விளக்கு பளீரென்று எரிந்தது. சேர்க்கைக்கு வந்த பெற்றோர் வரிசை கூண்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வரை போயிருந்தது. வரிசையில் நின்ற ஓர் அம்மா தன் பையனைத் தூக்கிக் காட்டினாள். “பாருடா, எல்லாம் எவ்ளோ ஒத்துமையா இருக்கு!”

ஞானதாசால் சும்மா இருக்க முடியவில்லை. “கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்கம்மா.”

அவள் எட்டிப் பார்த்தாள். மூலையில் காவேரி தலையைச் செருகிக்கொண்டு நின்றது. அதன் முதுகு உரிந்து ஈரமாக மின்னியது. நர்மதா எதையோ இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

“அடப்பாவமே” என்றாள். வெகு நேரம் பார்த்தாள். பையனும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “நீங்க இங்க டீச்சரா சார்?”

“இருந்தேன். எம் பொண்ணும் இங்கதான் படிச்சா.”

“கொத்து வாங்குனாளா?”

“ஆமா.”

அவள் பையனைக் கீழே இறக்கி, அவன் சட்டைக் காலரை நேராக்கி, தலையைக் கோதிவிட்டாள். வரிசை நகர்ந்தது. அவளும் ஓர் அடி முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

“எங்களுக்கு அந்தக் கவலை இல்ல சார். இவன் கொத்தற டைப்.”